ஜெயிலுக்கு மனு பாக்க போறீங்களா, கெளம்பறதுக்கு முன்னாடி இத படிங்க

தமிழ்நாட்டு ஜெயில்ல உள்ள இருக்கறவங்கள பாக்கறதுக்கு பேரு மனு பாக்கறது. என் தம்பி ரிமாண்ட்ல இருந்தப்ப எனக்கு இது கூட தெரியாது, காலைல நாலு மணிக்கு அம்மாவ கூட்டிட்டு பஸ் ஏறிட்டேன், டிபன் பாக்ஸ்ல அவனுக்கு புடிச்ச எலுமிச்ச சாதம் வேற. கேட்லயே சொல்லிட்டாங்க, இன்னிக்கு ரிமாண்ட் மனு கெடையாதும்மா, வீட்டு சாப்பாடும் உள்ள போகாதுன்னு. எதுத்தாப்ல வேப்பமரத்தடில உக்காந்து டப்பாவ தொறந்தோம், அம்மா கையே வைக்கல.

அதனால மொதல்ல ஒன்னே ஒன்னு தெரிஞ்சிக்கங்க, உங்க ஆளு உள்ள எந்த கணக்குல இருக்காரு. கேஸ் இன்னும் நடக்குதுன்னா விசாரணை கைதி, தீர்ப்பு வந்துடுச்சுன்னா தண்டனை கைதி, குண்டாஸ் போட்டிருந்தா தடுப்புக்காவல். மனு பாக்கற நாளு, எத்தன நாளைக்கு ஒரு தடவ, எல்லாமே இத வச்சுதான் மாறும். எந்த ஜெயில்னும் சரியா கேட்டுக்கங்க, புழல்னு மட்டும் சொன்னா பத்தாது, அங்க தண்டனை கைதிங்களுக்கு புழல் 1, விசாரணை கைதிங்களுக்கு புழல் 2, பொம்பளைங்களுக்கு தனி சிறைன்னு ஒரே வளாகத்துல மூணு இருக்கு. கோர்ட்ல ரிமாண்ட் பண்ண அன்னிக்கே வக்கீல்கிட்ட ஸ்டேஷன் பேரு, கிரைம் நம்பர், எந்த ஜெயில்னு எழுதி வாங்கி போன்ல போட்டோ எடுத்து வச்சிக்கங்க, பேப்பர்லயும் வச்சிக்கங்க, ஏன்னா போன் உள்ள போகாது.

ஆதார் ஒரிஜினல், ஜெராக்ஸ் ரெண்டும் வேணும். நீங்க அவருக்கு என்ன உறவுன்னு கேப்பாங்க, கல்யாணத்துக்கப்புறம் பேரு, இனிஷியல் மாறியிருந்தா ரேஷன் கார்டையும் சேத்து எடுத்துட்டு போங்க, எனக்கு அப்பா இனிஷியல் ஒரு கார்டுல, வீட்டுக்காரர் இனிஷியல் இன்னொன்னுலன்னு அரை மணி நேரம் போச்சு. இ-முலாகாத்னு மத்திய அரசோட ஒரு வெப்சைட் இருக்கு, அதுல முன்கூட்டியே பதியலாம், வீடியோல பாக்கவும் கேக்கலாம், ஆனா கைதி பேரு, அப்பா பேரு, வயசெல்லாம் ஜெயில் ரெக்கார்டுல இருக்கற மாதிரியே இருக்கணும்.

இப்ப நெறைய பேரு மாட்டற எடம். இத்தன நாளைக்கு ஒரு மனுதான்னு கணக்கு இருக்கறப்ப, அவரோட பிரண்ட் யாராவது பாசத்துல போய் பாத்துட்டு வந்துட்டா அந்த வாய்ப்பு முடிஞ்சிது, பின்னாடி போற பொண்டாட்டி புள்ளைங்க திரும்பி வரணும். வீட்ல ஒரு வாட்ஸப் குரூப் போட்டு இந்த வாரம் யாரு போறதுன்னு பேசிக்கங்க, கோவமா இருக்கற சித்தப்பாவையும் அதுல சேத்துக்கங்க. வக்கீல் போய் பாக்கறது தனி, அது உங்க கணக்குல வராது.

கேட்ல சோதனை போடுவாங்க, பொம்பளைங்கள பொம்பள காவலர்தான் தொடணும். சோதனைக்கு முடியாதுன்னு சொன்னா உள்ள விட மாட்டேன்னு சொல்ல அவங்களுக்கு 1894 சிறைச் சட்டத்துலயே அதிகாரம் இருக்கு, அதனால அங்க சண்ட போடாதீங்க. பணத்த அவர் கைல குடுக்க முடியாது, பிசிபின்னு ஜெயில்ல அவர் பேர்ல இருக்கற பணக் கணக்குல கட்டணும், அத வச்சு உள்ள கேன்டீன்ல வாங்கிப்பாரு. யாராவது "இந்த பொட்டலத்த அவன்கிட்ட குடுத்துடுக்கா"ன்னு வெளிய கெஞ்சுனா தொடவே தொடாதீங்க, கேஸ் உங்க மேல வரும்.

உள்ள கெடைக்கறது கொஞ்ச நேரந்தான், சுத்தி எல்லாரும் கத்திட்டு இருப்பாங்க. அம்மா அந்த மொத்த நேரமும் "சாப்ட்டியா, சாப்ட்டியா"ன்னே கேட்டாங்க, ஜாமீனுக்கு யாரு ஜாமீன்தாரர்னு கேக்கறதுக்குள்ள டைம் முடிஞ்சிடுச்சு. அப்புறம்தான் கேக்க வேண்டியத உள்ளங்கைல பேனாவால எழுதிட்டு போக ஆரம்பிச்சேன்.

மனு இல்லன்னு திருப்பி அனுப்புனா, ஏன்னு கேளுங்க. உள்ள ஏதாவது தப்பு பண்ணி தண்டனையா நிறுத்தி வச்சிருக்கலாம், வேற ஜெயிலுக்கு மாத்தியிருக்கலாம், ஆஸ்பத்திரில இருக்கலாம். பதில் சரியா வரலன்னா சூப்பிரண்டுக்கு எழுத்துல குடுத்து நகல்ல சீல் வாங்குங்க. காவல்ல இருக்கறவங்களுக்கு வருமானம் பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, 15100க்கு போன் பண்ணா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு பக்கம் வழி சொல்லுவாங்க. 1981ல பிரான்சிஸ் கோராலி முல்லின் வழக்குன்னு ஒன்னு, டெல்லில தடுப்புக்காவல்ல இருந்த அந்தம்மாவுக்கு சின்ன பொண்ணு, மாசத்துக்கு ஒரு தடவதான் பாக்கலாம்னு விதி. அது செல்லாது, வாரத்துக்கு ரெண்டு தடவையாவது விடணும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. குண்டாஸ்னா யாரையும் பாக்கவே முடியாதுன்னு யாராச்சும் சொன்னா, வக்கீல்கிட்ட இந்த கேஸ் பேர சொல்லுங்க.

இன்னொன்னு, உள்ளருந்து போன் பேசவும் அனுமதி உண்டு, அதுக்கு அவர் முன்னாடியே குடும்ப நம்பர குடுக்கணும், அந்த நம்பர மாத்தாதீங்க. கால் தெரியாத நம்பர்லருந்துதான் வரும். எங்கம்மா லோன் காரங்கன்னு நெனச்சு ரெண்டு தடவ கட் பண்ணிட்டாங்க.