சின்னக் கடைக்கு ஆஃபர் போடுவது எப்படி? செங்கோட்டை – புளியரை சாலைக் கடைகளுக்கு ஒரு செய்முறை

செங்கோட்டையிலிருந்து புளியரை, ஆரியங்காவு வழியாகக் கேரளத்துப் புனலூர் போகும் சாலையில் சிப்ஸ் கடை வைத்திருப்பவரிடம் இரண்டு வகை ஆட்கள் வருகிறார்கள். ஒருவர் தெருக்காரர், நாளைக்கும் வருவார். இன்னொருவர் வண்டியை ஓரங்கட்டி இறங்குகிறவர், மறுபடி வந்தால் அடுத்த வருஷம்தான். இரண்டு பேருக்கும் ஒரே ஆஃபர் போட்டால் காசுதான் கரையும்.

படி 1: ஒரு பாக்கெட்டில் என்ன நிற்கிறது?

கால் கிலோ நேந்திரன் சிப்ஸ் பாக்கெட் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். காய், எண்ணெய், கேஸ், கூலி, கவர் எல்லாம் சேர்த்து அடக்கம் 70. கையில் நிற்பது 30. தினம் 20 பாக்கெட் போனால் 600 ரூபாய்.

10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் நிற்பது 20. அதே 600-ஐப் பார்க்க 30 பாக்கெட் போக வேண்டும். 20 சதவீதம் கொடுத்தால் நிற்பது வெறும் 10, அப்போது 60 பாக்கெட் போக வேண்டும். இந்தக் கணக்கில் தள்ளுபடியை இரட்டிப்பாக்கினால் அதே லாபத்துக்கு வேண்டிய விற்பனையும் இரட்டிப்பாகிறது. ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்றால் 100 ரூபாய்க்கு 140 ரூபாய்ச் சரக்கு போகும். ஜோடிக்கு 40 ரூபாய் நஷ்டம்.

60 பாக்கெட்டை உங்கள் ஒரே வாணலி தாங்குமா என்றும் பாருங்கள். கூட்டம் நிற்கிறதே என்று எண்ணெய் மறுபடி காயும் முன்பே அடுத்த ஈடு சீவிப் போட்டால், சிப்ஸ் எண்ணெய் குடித்துவிடும், மொறுமொறுப்பும் வராது. ஆஃபரைப் பார்த்து முதல்முறை வந்தவர் வாயில் வைப்பது அதைத்தான். அவர் திரும்ப வரமாட்டார்.

படி 2: எதற்காக ஆஃபர்?

ஒரே ஒரு காரணம் எழுதுங்கள்: செவ்வாய், புதன் மந்தம், தேங்கிய சரக்கு, பில் தொகையைக் கூட்டுவது. குற்றாலச் சாரல் விழும் ஞாயிற்றுக்கிழமை கடை தானாகவே நிறையும். அன்று ஆஃபர் போடுவது வந்துகொண்டிருக்கும் லாபத்தை வாரிக் கொடுப்பதுதான்.

படி 3: ஆளுக்கேற்ற ஆஃபர்

தெருக்காரருக்கு அட்டை போடுங்கள். எட்டுக் கட்டம், ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் ஒரு முத்திரை, நிறைந்தால் 30 ரூபாய்ப் பலகாரம். கொடுக்கும்போதே இரண்டு கட்டத்தில் முத்திரை குத்திக் கொடுங்கள். வெறும் ஆறு கட்ட அட்டையும் கணக்குக்கு இதுவேதான், ஆனால் கொஞ்ச தூரம் வந்துவிட்ட நினைப்பில் இதை முடிக்கிறவர்கள் அதிகம்.

வழியில் இறங்குகிறவருக்கு அட்டை குப்பை. அவருக்குக் கையோடு ஏதாவது கிடைக்க வேண்டும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை போகிறவர்கள் வீட்டுக்கு வாங்குவது திரும்பும்போதுதான். அதனால் ஊர் திரும்பும் வண்டிக்குத் தெரிகிற பக்கமாகப் போர்டு வையுங்கள்.

இவர்களுக்குச் சரியானது ‘இத்தனை ரூபாய்க்கு மேல் வாங்கினால் ஒரு பொருள் இலவசம்’. ஏழு நாள் பில்லைக் கூட்டி, பில் எண்ணிக்கையால் வகுங்கள். சராசரி 160 வந்தால் எல்லையை 200 வையுங்கள். கூடுதல் 40 ரூபாயில் உங்களுக்கு நிற்பது 12. இலவசப் பாக்கெட்டின் அடக்கம் 8 என்றால் மிச்சம் 4.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஏற்கெனவே 200-க்கு மேல் வாங்குகிறவரும் அந்தப் பாக்கெட்டை எடுத்துப் போவார். 30 பேரில் 9 பேர் அப்படி என்றால் 72 ரூபாய் சும்மா போகிறது. அதை ஈடுகட்ட மீதி 21 பேரில் 18 பேர் 200-ஐத் தொட வேண்டும், நடக்காது. இலவசம் 5 ரூபாய் அடக்கத்துக்குள் இருந்தால் 7 பேர் தொட்டாலே போதும். ஐந்து ரூபாய்க் கடலைமிட்டாய் எட்டு ரூபாய்த் தட்டையைவிட நல்ல ஆஃபர்.

படி 4: ஓணம்

அத்தம் தொடங்கித் திருவோணம் வரை பத்து நாள். உப்பேரியும் (நேந்திரன் சிப்ஸ்) சர்க்கரவரட்டியும் (வெல்லப்பாகில் புரட்டிய நேந்திரன் துண்டு) ஓண சத்யாவில், அதாவது ஓண விருந்தில், கட்டாயம் உண்டு என்பதால் இரண்டையும் ஜோடியாகக் கட்டி விலை வையுங்கள். ஆனால் ஓணத்துக்கு முன்னால் நேந்திரன் காய் விலை ஏறும். பழைய 70-ஐ நம்பி நோட்டீஸ் அடிக்காதீர்கள், காய் கைக்கு வந்தபிறகு கணக்குப் போடுங்கள்.

படி 5: போர்டு

பொருள், விலை, கடைசித் தேதி, நிபந்தனை. நான்கு போதும். 30 அடி தள்ளி நிற்பவர் படிக்க எழுத்து 3 அங்குல உயரமாவது வேண்டும். மலையாளத்திலும் ஒரு வரி எழுதுங்கள். நம் ‘இலவசம்’ அங்கே ‘சௌஜன்யம்’. போனில் மொழிபெயர்த்ததை அப்படியே அச்சுக்குக் கொடுக்காமல், மலையாளம் வாசிக்கத் தெரிந்த டிரைவர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

படி 6: குலுக்கல் வேண்டாம்

எல்லைக்கு அந்தப் பக்கம் கேரள அரசே லாட்டரி நடத்துகிறது. இந்தப் பக்கம் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. பொருள் வாங்கியவர்களில் குலுக்கிப் போட்டுப் பரிசு தருவதையும் 1979-ஆம் ஆண்டின் பரிசுத் திட்டத் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் தடை செய்கிறது. அதனால் கூப்பன் டப்பா வைக்காதீர்கள். கொடுப்பதை வாங்கும் எல்லோருக்கும் கொடுங்கள்.

100 ரூபாய்ப் பொருளுக்கு 130 என்று எழுதி அடித்து 100 போடுவதும் கூடாது. தெருக்காரருக்குப் பழைய விலை தெரியும். ஜிஎஸ்டி பில் போடுகிறவர்கள் தள்ளுபடியைப் பில்லிலேயே தனியாகக் காட்டினால் அந்தத் தொகைக்கு வரி சேராது.

படி 7: நோட்டு

தேதி, பில் எண்ணிக்கை, மொத்த விற்பனை, இலவசமாகப் போனது. செவ்வாயைப் போன செவ்வாயோடு ஒப்பிடுங்கள், ஞாயிறோடு அல்ல. இரண்டு வாரத்தில் படி 1-இல் போட்ட எண்ணிக்கை வரவில்லை என்றால், போர்டில் எழுதிய கடைசித் தேதியன்று நிறுத்திவிடுங்கள். நடுவில் சரக்கு தீர்ந்தால், வந்தவர் பிறகு அதே விலைக்கு வாங்கிக்கொள்ள ஒரு துண்டுச் சீட்டில் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அந்தச் சீட்டைக் கல்லாவில் இருக்கும் பையனிடமும் முன்கூட்டியே காட்டி வையுங்கள்.