பாடமாக்கும் முன் எவ்வளவு மூச்சு வாங்கலாம்?

எங்கள் தேயிலைத் தோட்டத்தின் பணிய (கீழ்ப்பக்க) லயத்து வீட்டிலிருந்து றோட்டுக்கு ஏற 300 படிக்கு மேல். உயர்தர உயிரியல் பரீட்சை அன்று பஸ்ஸைத் தவறவிடுவேனோ என்று அத்தனையையும் ஓடி ஏறினேன். மண்டபத்தில் உட்கார்ந்த பிறகும் நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது. அதைப் பயம் என்றே எடுத்துக்கொண்டேன். முந்தின இரவு பாடமாக்கிய சிறுநீரகப் படத்தில் ஒரு கோடுகூட நினைவுக்கு வரவில்லை. இப்போது ஹட்டன் பக்கத்தில் அதே பாடத்துக்கு டியூஷன் கொடுக்கிறேன். என்னைப் போலப் பதறும் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பது இதுதான்.

படிக்க உட்காரும் முன் 20 நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் அளவு. ‘வேகமாக நட’ என்ற அறிவுரை மட்டமான ஊர்க்காரருக்குச் சரி. தேயிலை மலைக் குறுக்கில் மெல்ல ஏறினாலே ஓட்டத்துக்குச் சமம். சந்தேகமென்றால் நின்று, மணிக்கட்டில் 15 விநாடி நாடியை எண்ணுங்கள். 18 வயதுக்கு ஏறக்குறைய 32 முதல் 38 வரை இருந்தால் மிதமான உழைப்பு. அதற்கு மேல் போனால் வேகத்தைக் குறையுங்கள். (காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டால் அட்டை அவ்வளவாக ஏறாது. குளவிக்கூடு உள்ள பக்கம் மட்டும் போகவே வேண்டாம்.) திரும்பி வந்து, ஒரு பிளேன் டீ குடித்து, மூச்சு அடங்கிய பிறகு புத்தகத்தைத் திறக்கலாம்.

கடுமையாக ஓடினால் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் கூடும். பதறும் பிள்ளைக்கு அது ஏற்கெனவே கூடியிருக்கலாம். இந்த ஹோர்மோன் படித்ததைப் பதிய வைக்க உதவக்கூடும். ஆனால் பதிந்ததை வெளியே எடுக்கும் நேரத்தில் குறுக்கே நிற்கும். அன்று மண்டபத்தில் எனக்கு நடந்ததும் இதுவாகத்தான் இருக்கும்.

அதற்காக ஓட்டத்தை விட்டுவிடச் சொல்லவில்லை, நேரத்தை மாற்றுங்கள். 2016இல் நெதர்லாந்தில் 72 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். படங்களும் அவற்றின் இடங்களும் படித்து 4 மணி நேரம் கழித்துக் கடுமையாகச் சைக்கிள் மிதித்தவர்களுக்கு, இரண்டு நாள் கழித்து நினைவு கூடுதலாக இருந்தது. படித்த உடனே மிதித்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. அவர்கள் பதற்றக்காரர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். ஆனாலும் மதியம் படித்தால் மாலையில், தோட்டத்து ஆட்கள் காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்தில் ஓடுங்கள் என்கிறேன். ஓடி முடித்ததும் நெஞ்சில் கை வைத்து, “இது ஓடினதால அடிக்குது” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முதலில் சிரிப்பு வரும். அந்த அடிப்பு பழகிவிட்டால் பரீட்சை மண்டபத்தில் அதைக் கண்டு அவ்வளவு மிரள மாட்டீர்கள்.

எல்லோருக்கும் ஒரே அளவு ஒத்துவராது. ஒரு நாள் நடந்துவிட்டும், வேறொரு நாள் நடக்காமலும் 15 புதுச் சொற்களைப் பாடமாக்கி, மறுநாள் எத்தனை நினைவிருக்கிறது என்று கொப்பியில் குறித்து வாருங்கள். மூச்சிழுப்பு (ஆஸ்துமா) உள்ளவர்கள் முதலில் டொக்டரைக் கேளுங்கள். பதற்றத்தால் தூக்கமோ சாப்பாடோ கெட்டால் நடை மட்டும் போதாது. இலங்கையின் தேசிய மனநல உதவி எண் 1926க்கு எடுத்துப் பேசுங்கள்.

பரீட்சை அன்று அரை மணி முன்னதாகக் கிளம்புங்கள். 50 படிக்கு ஒரு தடவை நின்று மூச்சு விட்டு ஏறுங்கள். ஒரு பஸ் போனாலும் அடுத்ததுக்கு நேரம் இருக்கும்.