பித்தப்பைக் கல் குடலுக்குள் இறங்கும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பித்தப்பைக் கல்லால் வந்த வலி தானாக அடங்கினால் கல் கரைந்துவிட்டது என்று நம்புவதே முதல் தவறு. அழற்சி நாள்பட நீடிக்கும்போது பித்தப்பை அருகிலுள்ள முன்சிறுகுடலோடு ஒட்டிக்கொள்ளும். பெரிய கல் இரண்டின் சுவரையும் அரித்துக் குடலுக்குள் இறங்கிவிடும். சிறிய கற்கள் மலத்தோடு போய்விடலாம். ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டருக்கு மேற்பட்டது பெரும்பாலும் சிறுகுடலின் குறுகலான கடைசிப் பகுதியில் சிக்கி அடைத்துக்கொள்ளும். இது அரிதுதான், ஆனால் வயதான பெண்களிடமே அதிகம் காணப்படுவதால் தாமதத்தை அவர்களின் உடல் தாங்காது.

கல் ஓரிடத்தில் சிக்கி, நகர்ந்து, மீண்டும் சிக்குவதால் வாந்தியும் வயிற்று உப்புசமும் வந்து வந்து போகும். வாயுத் தொல்லை என்று எண்ணி ஓமத் தண்ணீர் கொடுத்தே வீட்டில் நாள் கடத்திவிடுகிறார்கள். முன்பு வயிற்றில் அறுவை சிகிச்சை நடக்காத, குடலிறக்கமும் இல்லாத மூதாட்டிக்குக் குடல் அடைப்பு வந்தால் மருத்துவர் பித்தப்பையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். எக்ஸ்ரேயில் விரிந்த குடலை மட்டும் பார்த்துவிட்டு, கல்லீரலின் நிழலில் கிளை கிளையாகத் தெரியும் காற்றைத் தவறவிடுவது எளிது. அந்தப் பித்தநாளக் காற்று, குடல் அடைப்பு, இடம் மாறிய கல் ஆகிய மூன்று அடையாளங்களைக் கதிரியக்க மருத்துவர் ரிக்லர் 1941-இல் விவரித்தார். மூன்றும் ஒரே எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம் என்பதால் சி.டி. ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது.

அறுவையின்போது கல்லின் மேலேயே குடலைக் கீறுவது தவறு; அங்கே சுவர் வீங்கி நைந்திருக்கும். கல்லை விரல்களால் மெல்ல மேல்நோக்கி நகர்த்தி, நலமான பகுதியில் நீளவாக்கில் கீறி எடுத்து, குறுக்குவாக்கில் தைத்தால் குடல் குறுகாது. எடுத்த கல்லின் ஒரு முகம் தட்டையாக இருந்தால், அதனோடு உரசிக் கிடந்த இன்னொரு கல்லும் இருக்கக்கூடும். முழுக் குடலையும் தடவிப் பார்க்காமல் வயிற்றை மூடக் கூடாது. "பித்தப்பையை ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்று குடும்பத்தார் கேட்பது இயல்புதான். ஆயினும், நீர்ச்சத்தும் வலுவும் இழந்த முதியவருக்கு அதே வேளையில் பித்தப்பையையும் அகற்றி, கல் அரித்த துளையையும் மூட முனைவது பெரும்பாலும் வேண்டாத துணிச்சல் என்பதே என் கருத்து.

குடலுக்குள் இறங்காமல் பித்தப்பையின் கழுத்திலேயே அமர்ந்த கல், கல்லீரலிலிருந்து வரும் நாளத்தை நெரிக்கும் நிலையை அர்ஜென்டினாவின் அறுவை மருத்துவர் மிரிஸி 1948-இல் விவரித்தார். இதில் வரும் மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி குடித்துக் காத்திருக்கக் கூடாது. பித்தநாளங்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. வகையான எம்.ஆர்.சி.பி. படம் பார்க்காமல் லேப்ராஸ்கோப்பியில் இறங்கினால், ஒட்டிக்கிடக்கும் திசுக்களுக்கிடையே முதன்மைப் பித்தநாளத்தையே பித்தப்பையின் நாளம் என்று வெட்டிவிடும் அபாயம் உண்டு. அமைப்பு தெளியாவிட்டால் பித்தப்பையின் ஒரு பகுதியை விட்டுவைத்து மற்றதை அகற்றலாம். கல் நாளத்தையே பெரிதாக அரித்திருந்தால் சிறுகுடலை மேலே கொண்டுவந்து அதனோடு இணைக்க வேண்டியிருக்கும். அதில் பழகிய அறுவை மருத்துவர் இருக்கும் இடத்துக்கு நோயாளியை முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும்.