லூயி லூயி: ஒரு பாட்டின் வரலாற்றைக் காதால் படிப்பது எப்படி?

கரேஜ் ராக் (இளைஞர் குழுக்கள் மெருகில்லாமல், முரட்டுத்தனமாக வாசித்த 1960களின் ராக் இசை) கேட்கத் தொடங்குபவர்களிடம் நான் முதலில் கொடுப்பது 'லூயி லூயி'. 1963இல் கிங்ஸ்மென் என்ற இளைஞர் குழு பதிவு செய்தது. மூன்று நிமிடம்கூட ஓடாது. ஆனால் அதை நேரடியாகக் கேட்டால் பாதிதான் புரியும். அதற்கு முன்பு வந்த பதிவுகளை வரிசையாகக் கேட்டுவிட்டு வரவேண்டும். தேவையானவை ஹெட்போன், மேசையில் தாளம் தட்ட ஒரு கை. யூடியூபில் எல்லாமே கிடைக்கும்.

படி 1: கியூபாக்காரர் ரெனே டூசேயின் 'எல் லோகோ சா சா'. தொடக்கத்தை மட்டும் கேட்டால் போதும். பின்னால் உலகம் முழுக்க ஒலித்த அந்த 'டன் டன் டன், டன் டன்' இங்கே சா சா சா என்ற நடன இசையாக இருக்கிறது.

படி 2: ரிச்சர்ட் பெர்ரி, 1957. லாஸ் ஏஞ்சல்ஸ் பாடகரான இவர் இந்தத் தாளத்தை மேடையில் கேட்டு, 1955இலேயே பாட்டாக எழுதி வைத்திருந்தார். ஜமைக்கா மாலுமி ஒருவன் மதுக்கடையில் லூயி என்பவனிடம் தன் காதலியைப் பற்றிப் புலம்புகிறான், அவளிடம் கப்பலேறிப் போகத் துடிக்கிறான். அவ்வளவுதான் கதை. பெர்ரி நிதானமாகப் பாடுகிறார், சொற்கள் தெளிவாகக் கேட்கின்றன. வரிகளை இங்கேயே மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், பின்னால் கைகொடுக்கும். பெர்ரி 1959இல் தன் கல்யாணச் செலவுக்காக இந்தப் பாட்டின் உரிமையை 750 டாலருக்கு விற்றுவிட்டார். 1980களில்தான் அது அவர் கைக்குத் திரும்பியது.

படி 3: ராபின் ராபர்ட்ஸும் வெய்லர்ஸ் குழுவும், 1961. வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரத்துக் குழு இது. (பாப் மார்லியின் வெய்லர்ஸ் வேறு, தேடும்போது குழப்பிக்கொள்ள வேண்டாம்.) சா சா சா போய் ராக் வந்துவிட்டது. இப்போது மேசையில் தட்டிப் பாருங்கள்: நான்கு, இரண்டு, நான்கு, இரண்டு. இந்தக் கணக்கு முக்கியம்.

படி 4: கிங்ஸ்மென், ஏப்ரல் 1963, ஒரேகான் மாநிலத்தின் போர்ட்லாண்ட். மறுபடி தட்டுங்கள்: மூன்று, இரண்டு, மூன்று, இரண்டு. ஒரு தட்டு குறைகிறது! வெய்லர்ஸ் இசைத்தட்டைக் கேட்டுவிட்டு வந்த பாடகர் ஜாக் ஈலி, நண்பர்களுக்குத் தாளத்தைத் தவறாகச் சொல்லிக்கொடுத்துவிட்டார். அந்த முரட்டு நடை அங்கிருந்துதான் வந்தது. என்னைக் கேட்டால், பாட்டை வெற்றிபெறச் செய்ததே அந்தத் தவறுதான்.

பதிவுக்கு ஆன செலவு சுமார் 50 டாலர். மைக் மேலே தொங்கியது. பல்லில் கம்பி கட்டியிருந்த ஈலி, தலையை நிமிர்த்தி அதை நோக்கிக் கத்தினார். சொற்கள் கரைந்துபோனதற்கு இதுவே காரணம். கிட்டார் தனி வாசிப்பு முடிந்ததும், இரண்டாவது நிமிடத்தை நெருங்கும்போது, கவனமாகக் கேளுங்கள். ஈலி ஒரு சுற்று முன்னதாகவே நுழைந்து, சட்டென்று நிறுத்திவிடுகிறார். டிரம்ஸ் வாசித்த லின் ஈஸ்டன் ஒரு உருட்டலால் அந்த இடைவெளியை மூடுகிறார். மறுபதிவு எதுவும் நடக்கவில்லை.

அதே மாதம், அதே ஸ்டுடியோவில், பால் ரெவரே அண்ட் தி ரெய்டர்ஸ் குழுவும் இதே பாட்டைப் பதிவு செய்தது. இன்னும் சுத்தமான வாசிப்பு. ஆனால் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் பட்டியலில் இரண்டாம் இடம்வரை ஏறியது கிங்ஸ்மென் பதிவுதான்.

ஒரு எச்சரிக்கை: பழைய தொலைக்காட்சிக் காட்சிகளில் வாயசைப்பவர் ஈஸ்டன். பாட்டு புகழ்பெறுவதற்குள் அவர் பாடகர் இடத்தை எடுத்துக்கொள்ள, ஈலி குழுவை விட்டுப் போய்விட்டார். குரல் மட்டும் ஈலியுடையது.

படி 5: இப்போது வரிகளை எழுதிப் பாருங்கள். படி 2 இல்லாமல் முடியாது. ஆங்கிலப் பாட்டு என்றால் பாதி வரிகளை ஊகத்தில் நிரப்புவது நம் வழக்கம். இந்தப் பாட்டில் அமெரிக்கர்களுக்கும் அதே கதிதான். புரியாத இடத்தில் மாணவர்கள் ஆபாச வரிகளை எழுதிச் சுற்றுக்கு விட்டார்கள். இண்டியானா ஆளுநர் மேத்யூ வெல்ஷ், வானொலிகள் இதை ஒலிபரப்பக் கூடாது என்றார். பெற்றோர் ஒருவரின் புகார்க் கடிதம் அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடிக்குப் போனது. அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ களமிறங்கி, வெவ்வேறு வேகங்களில் ஓட்டிப் பார்த்து, எந்த வேகத்திலும் புரியவில்லை என்று முடித்துக்கொண்டது. பெர்ரியை விசாரித்தவர்கள், பாடிய ஈலியை மட்டும் விசாரிக்கவே இல்லை. இதில் வேடிக்கை, 54ஆவது நொடி அருகே பின்னணியில் நிஜமாகவே ஒரு கெட்ட வார்த்தை மங்கலாக விழுகிறது. குச்சி தவறியபோது ஈஸ்டன் கத்தியது என்கிறார்கள். அதைப் பிடிக்க ஹெட்போன் அவசியம்.

படி 6: கிட்டார் இருந்தால் வாசியுங்கள். ஏ மேஜர் மூன்று தட்டு, டி மேஜர் இரண்டு, ஈ மைனர் மூன்று, டி மேஜர் இரண்டு. பாட்டு முழுக்க இதே சுற்றுதான். ஈ மைனருக்குப் பதில் ஈ மேஜர் போட்டால் அந்த முறைப்பு போய்விடும். முதலில் மெதுவாக, பிறகு மூல வேகத்துக்கு வாருங்கள். பின்னால் வந்த பல குழுக்கள் ஈலி முந்திக்கொண்ட இடத்தையும் அப்படியே வாசித்திருக்கின்றன. நீங்களும் செய்வதாக இருந்தால், டிரம்ஸ் வாசிப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.