மலைமேட்டுச் செம்மறி மந்தையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலைச்சரிவில் செம்மறி வளர்க்கத் தொடங்குவோர் செய்யும் முதல் தவறு, நிலத்தை ஓரிடத்திலும் மந்தையை வேறோரிடத்திலும் வாங்கிச் சேர்த்துவிடலாம் என்று எண்ணுவதாகும். வேலியில்லாத மேட்டு நிலத்தில் ஓர் ஆடு எல்லை தாண்டாமல் மேய்வதற்குக் காரணம், குட்டிப் பருவத்தில் அது தாயின் பின்னால் நடந்தே அந்த இடத்தைப் பழகிக்கொண்டதுதான். அந்தத் தாயும் தன் தாயிடமிருந்து அவ்வாறே பழகியிருக்கும். 2001இல் பிரிட்டனில் பரவிய கோமாரி நோயை ஒழிப்பதற்காகக் கம்பிரியா மலைப்பகுதியில் இத்தகைய மந்தைகள் பல கொல்லப்பட்டபோது, ஆடுகளோடு இந்தப் பழக்கமும் அறுந்துபோனது. புதிய ஆடுகளை நிலத்தில் நிலைப்படுத்த மேய்ப்பர்கள் நாள்தோறும் அவற்றைத் திருப்பி ஓட்ட வேண்டியிருக்கும். எனவே வயதான பெட்டைகளை ஒரே ஆண்டில் மொத்தமாக விற்றுவிடக் கூடாது; பண்ணை கைமாறும்போது மந்தையையும் நிலத்தோடு விட்டுச்செல்லும் பழைய வழக்கம் மிகவும் அறிவார்ந்தது.

சினைக்காலம் ஏறத்தாழ 147 நாட்கள் என்பதால், கிடாவைச் சேர்க்கும் நாளிலேயே ஈற்றுக்காலம் முடிவாகிவிடுகிறது. புல் துளிர்க்கும் முன்பே குட்டிகள் பிறக்கும்படி அவசரப்பட்டுக் கிடாவை விடுவது, குளிரில் பால் வற்றிய தாய்களையும் பசித்த குட்டிகளையுமே தரும்.

ஈன்ற ஆட்டை உடனே வேறிடத்துக்கு ஓட்டுவதும் தவறு. தாய் தன் குட்டியை நக்கி, அதன் வாசனையை மனத்தில் பதித்துக்கொள்வது முதல் சில மணி நேரத்தில்தான். அப்போது குறுக்கிட்டால், பிறகு அதைத் தன் குட்டியாக ஏற்காமல் முட்டித் தள்ளக்கூடும். குட்டியை இழந்த தாயிடம் அநாதைக் குட்டியைச் சேர்ப்பதற்கு, இறந்த குட்டியின் தோலை உரித்து அதன்மேல் போர்த்தும் மேய்ப்பர் வழக்கமும் இந்த வாசனையை நம்பியே உருவானது.

பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் எடையில் கிலோவுக்கு 50 மில்லி வீதம், அதாவது நான்கு கிலோ குட்டிக்கு 200 மில்லி சீம்பால் உள்ளே போக வேண்டும். தலை தூக்க முடியாத குட்டிக்கு வாயில் பால் புகட்டினால் அது நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். பிறந்து ஐந்து மணி நேரம் கடந்த குட்டியின் உடல் வெப்பம் 37 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கியிருந்தால், பரிவினால் உடனே சூடேற்றுவதுகூட ஆபத்தாகும். குருதியில் சர்க்கரை தீர்ந்த நிலையில் சூடு மட்டும் ஏறினால் வலிப்பு வந்து அது இறக்கக்கூடும். முதலில் குளுக்கோஸ் ஊசி, அதன் பின்னரே சூடு. ஊசி போடும் முறையைக் கால்நடை மருத்துவரிடம் ஈற்றுக்காலத்துக்கு முன்பே கற்றுக்கொள்ள வேண்டும்.

மாட்டுத் தீவனத்தைச் செம்மறிக்கு வைக்காதீர்கள். அதிலுள்ள தாமிரம் ஈரலில் சேர்ந்து நஞ்சாகும். கருச்சிதைவை உண்டாக்கும் கிருமிகள் நஞ்சுக்கொடியிலும் பனிக்குட நீரிலும் இருக்கக்கூடும் என்பதால், கருவுற்ற பெண்கள் ஈற்றுக் கொட்டிலுக்குள் வரவே கூடாது. அங்கு வேலை செய்தவரின் துணிகளை அவர்கள் துவைப்பதும் பாதுகாப்பானதல்ல.