அமெரிக்கால பார்ம்.டி: அட்மிஷன்ல இருந்து ஸ்பெஷலைசேஷன் வரைக்கும் ஒவ்வொரு படியா

பார்ம்.டி, அதாவது டாக்டர் ஆஃப் ஃபார்மசி படிக்கலாம்னு யோசிக்கிறவங்க நிறைய பேர் முதல்ல கேக்குறது "ஆன்காலஜி (கேன்சர்) பார்ம்.டி எந்த காலேஜ்ல இருக்கு, கார்டியாலஜிக்கு எங்க சேரணும்"னுதான். அப்படி தனித்தனி டிகிரி கிடையாதுங்க. அமெரிக்கால பார்ம்.டிங்கிறது ஒரே டிகிரி, எல்லாரும் ஒரே அடிப்படைப் பாடத்தைத்தான் படிச்சு முடிக்கணும், ஸ்பெஷலைசேஷன் அதுக்கு அப்புறம் ரெசிடென்சி (டிகிரிக்கு அப்புறம் சம்பளத்தோட எடுக்குற பயிற்சி), ஃபெலோஷிப் (மருந்து கம்பெனி பக்கம் போறவங்க எடுக்குற பயிற்சி), போர்டு சர்டிஃபிகேஷன் (ஒரு துறைல நிபுணர்னு பரீட்சை வச்சு குடுக்குற சான்றிதழ்) வழியா வரும். ஆனா அந்த ரெசிடென்சி கிடைக்குமா கிடைக்காதாங்கிறது படிக்கிற காலத்துலயே பெரும்பாலும் முடிவாகிடுது. கடைசி வருஷத்துல முழிச்சுக்கிட்டு ஓடுறவங்களைப் பாத்தா உண்மையிலேயே மனசு கஷ்டமா இருக்கும், அதனாலதான் எதை எப்ப யோசிக்கணும்ங்கிற வரிசையிலயே இதை எழுதுறேன்.

சின்னதா ஒரு பின்னணி. முன்னாடி அங்க அஞ்சு வருஷ பி.எஸ். பார்மசி படிச்சாலே பார்மசிஸ்ட் ஆகலாம். சதர்ன் கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி 1950-ல முதன்முதலா பார்ம்.டி கொண்டு வந்துச்சு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மத்த காலேஜ்களும் மாறி, 2000-க்கு அப்புறம் புதுசா பார்மசிஸ்ட் ஆகணும்னா பார்ம்.டிதான்னு ஆகிடுச்சு.

படி 1: ப்ரீ-ஃபார்மசி பாடங்களை முடிங்க

பார்ம்.டில சேர பேச்சிலர் டிகிரி இருக்கணும்னு எல்லா காலேஜும் கேக்காது. குறைஞ்சது 2 வருஷ காலேஜ் படிப்பு, அதுல அவங்க சொல்ற பாடங்கள் எல்லாம் முடிச்சிருக்கணும், அவ்வளவுதான். ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, பயாலஜி, மைக்ரோபயாலஜி, அனாட்டமி, ஃபிசியாலஜி, கால்குலஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ், இங்கிலீஷ் கட்டுரை எழுதுறது, இதெல்லாம் பொதுவா இருக்கும். சில காலேஜ் பயோகெமிஸ்ட்ரி கேக்கும், சில காலேஜ் பிசிக்ஸ், எகனாமிக்ஸ், மேடைப் பேச்சு எல்லாம் கூட கேக்கும். இங்கதான் கவனமா இருக்கணும், ஏன்னா லிஸ்ட் காலேஜுக்கு காலேஜ் மாறும், ஒரு பாடம் விட்டுப்போச்சுன்னா அதுக்காகவே ஒரு வருஷம் தள்ளிப்போகலாம். நீங்க குறி வச்சிருக்கிற நாலஞ்சு காலேஜோட லிஸ்ட்டை ஒரே ஷீட்ல பக்கத்துல பக்கத்துல போட்டு, எல்லாத்துக்கும் பொதுவா இருக்குற பாடங்களை முதல்ல முடிச்சிடுங்க.

ஸ்கூல் முடிச்ச உடனேயே சேர்ற மாதிரி 6 வருஷ ப்ரோக்ராமும் உண்டு, முதல் 2 வருஷம் ப்ரீ-ஃபார்மசி, அடுத்த 4 வருஷம் பார்ம்.டி. லீவே இல்லாம வருஷம் முழுக்க நடத்தி 3 வருஷத்துல முடிக்கிற காலேஜும் இருக்கு. சீக்கிரம் முடியும்ங்கிறது நல்லதுதான், ஆனா கோடை லீவுல இன்டர்னா வேலை பாத்து கத்துக்குற வாய்ப்பு அதுல ரொம்ப குறைஞ்சிடும், அதை யோசிச்சுட்டு முடிவு பண்ணுங்க.

படி 2: காலேஜ் தேர்வு பண்றப்ப முதல்ல அங்கீகாரம் பாருங்க

ஃபார்மசி படிப்புக்கு அங்கீகாரம் குடுக்குற அமைப்பு ஏ.சி.பி.இ. புது காலேஜ் ஒண்ணு ஆரம்பிச்சா அது மூணு நிலையைத் தாண்டணும்: முதல்ல ப்ரீகேண்டிடேட், அடுத்து கேண்டிடேட், அப்புறம் முழு அங்கீகாரம். கேண்டிடேட் நிலைல இருக்குற காலேஜ்ல படிச்சு முடிச்சாலும் லைசென்சுக்கு பிரச்சனை வராது. பயப்பட வேண்டியது ப்ரீகேண்டிடேட் நிலையிலேயே தேங்கி நிக்கிற காலேஜுக்குத்தான். இதெல்லாம் ஏ.சி.பி.இ வெப்சைட்லயே யார் வேணும்னாலும் பாத்துக்கலாம்.

அடுத்து மூணு விஷயம் பாருங்க. முதல் தடவையிலேயே நாப்ளெக்ஸ்ங்கிற லைசென்ஸ் பரீட்சையை பாஸ் பண்றவங்க எவ்வளவு சதவீதம், சேர்ந்தவங்கள்ல எத்தனை பேர் குறிப்பிட்ட காலத்துல முடிக்கிறாங்க, ரெசிடென்சிக்கு போறவங்க எத்தனை பேர். காலேஜ் பேரு, பில்டிங், போட்டோ எல்லாத்தையும் விட இந்த மூணு நம்பர்தான் உண்மை பேசும்னு நான் நம்புறேன். அதோட அந்த காலேஜ் பெரிய டீச்சிங் ஹாஸ்பிடல் ஒண்ணோட சேர்ந்து இயங்குதான்னும் பாருங்க, ஏன்னா உங்க ரொட்டேஷன், அதாவது இடம் மாறி மாறி எடுக்குற நேரடிப் பயிற்சி, நடக்கப் போற இடம் அதுதான்.

படி 3: விண்ணப்பம்

பெரும்பாலான காலேஜுக்கு பார்ம்கேஸ்ங்கிற ஒரே போர்ட்டல் வழியா விண்ணப்பிக்கலாம், ஒரு தடவை மார்க் விவரம் எல்லாம் ஏத்திட்டா பல காலேஜுக்கு அனுப்பிக்கலாம். பழைய பதிவுகள்ல பீகேட்னு ஒரு என்ட்ரன்ஸ் பத்தி நிறைய படிச்சிருப்பீங்க, அதை 2024 ஜனவரியோட நிறுத்திட்டாங்க, அதுக்கு கோச்சிங்னு யாராவது காசு கேட்டா குடுத்துடாதீங்க. இப்போ பாக்குறது ஜி.பி.ஏ (காலேஜ் மார்க்கோட சராசரி), அதுலயும் சயின்ஸ் பாடங்கள்ல வாங்கின மார்க், சிபாரிசுக் கடிதம், ஏன் ஃபார்மசின்னு நீங்களே எழுதுற கட்டுரை, இன்டர்வியூ, இதெல்லாம்தான். ஃபார்மசில டெக்னீஷியனா கொஞ்ச நாள் வேலை பாத்திருந்தா இன்டர்வியூல பேசுறதுக்கு நிஜமான விஷயம் இருக்கும். இடம் கிடைச்ச பிறகு தடுப்பூசி ரெக்கார்டு, போலீஸ் ரெக்கார்டு செக், போதைப்பொருள் டெஸ்ட் எல்லாம் கேப்பாங்க, ஏன்னா முதல் வருஷத்துலயே உங்களை நோயாளிங்க இருக்குற இடத்துக்கு அனுப்பணும்.

படி 4: அந்த நாலு வருஷம்

முதல் மூணு வருஷம் பெரும்பாலும் வகுப்பறை. மெடிசினல் கெமிஸ்ட்ரி, ஃபார்மகாலஜி, ஃபார்மகோகைனெட்டிக்ஸ், ஃபார்மசி சட்டம், கணக்கு, மருந்து தயாரிக்கிற லேப், எல்லாத்துக்கும் மேல ஃபார்மகோதெரபி. இந்த ஃபார்மகோதெரபிதான் முதுகெலும்பு, ஒவ்வொரு நோய்க்கும் எந்த மருந்து, எவ்வளவு டோஸ், கிட்னி பழுதா இருந்தா எப்படி குறைக்கணும், எதை மானிட்டர் பண்ணணும்னு வரிசையா போவாங்க. இதை பரீட்சைக்காக மட்டும் படிச்சுட்டு விட்டுட்டா நாலாவது வருஷம் வார்டுல நிக்கிறப்ப ரொம்ப திணறுவீங்க.

இந்த மூணு வருஷத்துக்குள்ள குறைஞ்சது 300 மணி நேரம் அறிமுக நிலை பயிற்சி முடிக்கணும், அதை ஐப்பின்னு சொல்லுவாங்க. நாலாவது வருஷம் முழுக்க ரொட்டேஷன், அது ஆப்பி, குறைஞ்சது 1440 மணி நேரம், அதாவது 36 வாரம். அதுல நாலு இடம் கட்டாயம்: கம்யூனிட்டி ஃபார்மசி, ஹாஸ்பிடல் ஃபார்மசி, வெளிநோயாளிகளைப் பாக்குற ஆம்புலேட்டரி கேர், உள்நோயாளி ஜெனரல் மெடிசின் வார்டு. மிச்சம் இருக்குறது எலெக்டிவ், உங்க விருப்பம்.

இந்த எலெக்டிவ்தாங்க ஸ்பெஷலைசேஷனோட முதல் விதை, அதை சாதாரணமா நினைச்சுடாதீங்க. ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்கிறதும் போர்ட்டல் மூடுறதும் நாலாவது வருஷத்தோட பாதியிலேயே வந்துடும், அதனால ஐ.சி.யூ பிடிக்கும்னு நினைக்கிறவங்க அந்த ரொட்டேஷனை வருஷத்தோட முன்பாதியில வாங்கிக்கணும், அப்பதான் அங்க உங்களுக்குப் பயிற்சி குடுக்குற ப்ரிசெப்டர் உங்க வேலையைப் பாத்து சிபாரிசுக் கடிதம் எழுத முடியும். மார்ச் மாசம் போய் பிரமாதமா வேலை பாத்தாலும் அந்த வருஷ விண்ணப்பத்துக்கு அது உதவாது.

படி 5: லைசென்ஸ்

டிகிரி வாங்கினா மட்டும் பார்மசிஸ்ட் இல்ல, லைசென்ஸ் குடுக்குறது மாநில போர்டு. நாடு முழுக்க பொதுவான பரீட்சை நாப்ளெக்ஸ், 6 மணி நேரம், கம்ப்யூட்டர்ல, ரிசல்ட் பாஸ் இல்லாட்டி ஃபெயில் மட்டும்தான் வரும். அதோட பெரும்பாலான மாநிலத்துல அந்த மாநில சட்டத்துக்குன்னு எம்.பி.ஜே.இ எழுதணும், கலிஃபோர்னியாக்கு மட்டும் சி.பி.ஜே.இ-ன்னு தனி பரீட்சை.

இந்தியாவுல படிச்சவங்க இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க, இது முக்கியம். வெளிநாட்டு டிகிரியோட நேரா நாப்ளெக்ஸ் எழுத முடியாது, முதல்ல வெளிநாட்டுல ஃபார்மசி படிச்சவங்களுக்கான எஃப்.பி.ஜி.இ.சி சர்டிஃபிகேட் வாங்கணும், அதுக்கு எஃப்.பி.ஜி.இ.இ பரீட்சையும் டோஃபல்ங்கிற இங்கிலீஷ் பரீட்சையும் பாஸ் பண்ணணும். 2003 ஜனவரி 1-க்கு அப்புறம் முடிச்சவங்களுக்கு அந்த ஃபார்மசி படிப்பு குறைஞ்சது 5 வருஷப் பாடத்திட்டமா இருக்கணும்னு விதி. 4 வருஷ பி.பார்ம் இங்கதான் மாட்டுது, மேல எம்.பார்ம் 2 வருஷம் சேத்தாலும் கணக்குல வராது, ஏன்னா அவங்க பாக்குறது லைசென்சுக்கான முதல் டிகிரியை. 2008-ல இந்திய பார்மசி கவுன்சில் கொண்டு வந்த பார்ம்.டி 5 வருஷப் படிப்பும் 1 வருஷ இன்டர்ன்ஷிப்பும் சேந்தது, அதனால அந்த கால அளவு அதுக்குப் பிரச்சனை இல்ல. பி.பார்ம்ல சேர்றதுக்கு முன்னாடியே இந்த விஷயம் தெரிஞ்சிருந்தா எத்தனையோ பேரோட திட்டமே வேற மாதிரி இருந்திருக்கும்.

படி 6: ரெசிடென்சி

கம்யூனிட்டி ஃபார்மசில வேலை பாக்கணும்னா ரெசிடென்சி தேவை இல்ல, லைசென்ஸ் போதும். ஹாஸ்பிடல்ல கிளினிக்கல் பார்மசிஸ்ட் ஆகணும்னா பி.ஜி.ஒய்.1 ஒரு வருஷம், அது பொதுப் பயிற்சி. அதுக்கு மேல ஒரே துறையில ஒரு வருஷம் பி.ஜி.ஒய்.2. சம்பளம் உண்டு, ஆனா பார்மசிஸ்ட் வாங்குறதை விட நல்லாவே குறைவு, அதை குடும்பத்துல முன்னாடியே பேசி வச்சுக்கோங்க. விண்ணப்பம் ஃபோர்காஸ்ங்கிற போர்ட்டல்ல, டிசம்பர்ல நடக்குற ஏ.எஸ்.ஹெச்.பிங்கிற பார்மசிஸ்ட் சங்கத்தோட மாநாட்டுல ப்ரோக்ராம் நடத்துறவங்களை நேர்ல பாத்து பேசலாம். அப்புறம் இன்டர்வியூ, அதுக்கப்புறம் நீங்க உங்களுக்குப் பிடிச்ச இடங்களை வரிசைப்படுத்துவீங்க, அவங்க ஆளுங்களை வரிசைப்படுத்துவாங்க, கம்ப்யூட்டர் ரெண்டையும் வச்சு ஜோடி சேக்கும். முதல் சுற்றுல கிடைக்கலைன்னா ரெண்டாவது சுற்று இருக்கு. வரிசை போடுறப்ப "எங்க கிடைக்கும்"னு கணக்கு போடாம உண்மையா எது பிடிக்குதோ அதையே முதல்ல போடுங்க, அந்த முறையே அப்படித்தான் வடிவமைச்சிருக்காங்க, ஆசைப்பட்டதை மேல போட்டதுக்காக கீழ இருக்குறது கைவிட்டுப் போகாது.

படி 7: எந்த ஸ்பெஷாலிட்டி

போர்டு சர்டிஃபிகேஷன் குடுக்குற அமைப்பு பி.பி.எஸ், 1976-ல ஆரம்பிச்சது. பேரை மட்டும் வரிசையா சொன்னா ஒண்ணும் புரியாது, அன்னாடம் அங்க என்ன வேலைன்னு தெரிஞ்சாதான் உங்களுக்கு ஒத்துவருமான்னு தெரியும்.

கிரிட்டிகல் கேர் எடுத்தீங்கன்னா ஐ.சி.யூ ரவுண்ட்ஸ்ல டாக்டர்களோட நடந்துகிட்டே வாசோப்ரெஸர் (பிரஷரை ஏத்துற மருந்து), மயக்க மருந்து, ஆன்டிபயாட்டிக் டோஸ் எல்லாம் மணிக்கு மணி மாத்தணும். இன்ஃபெக்‌ஷியஸ் டிசீஸ் எடுத்தா வான்கோமைசின்ங்கிற ஆன்டிபயாட்டிக் ரத்தத்துல எவ்வளவு இருக்குன்னு பாத்து டோஸ் போடுறது, தேவையில்லாத ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தச் சொல்லி டாக்டருக்கு போன் பண்றதுன்னு போகும், பேசி ஒத்துக்க வைக்கிற திறமை கண்டிப்பா வேணும். ஆன்காலஜில கீமோ ஆர்டர் ஒவ்வொண்ணையும் உயரம், எடை, லேப் ரிசல்ட் வச்சு சரிபாக்கணும், மெத்தோட்ரெக்ஸேட்ங்கிற கீமோ மருந்தை அதிக டோஸ்ல குடுத்தா ரத்தத்துல அது இறங்குற வரைக்கும், அதோட பாதிப்பைக் குறைக்கிற லூக்கோவோரின் நிக்காம போகுதான்னு பாக்கணும், ஒரு தப்பு நடந்தா விளைவு ரொம்ப பெருசு.

குழந்தைகள் பிரிவுல எல்லாமே கிலோ கணக்கு, ஒரு தசமப் புள்ளி தள்ளிப்போனா பத்து மடங்கு டோஸ் ஆகிடும். முதியோர் பிரிவுல வேலையே பாதி மருந்தை நிறுத்துறதுதான், பியர்ஸ் லிஸ்ட்னு வயசானவங்களுக்கு ஆகாத மருந்துகளோட பட்டியல் ஒண்ணு இருக்கு, அதை வச்சு ஒருத்தர் சாப்பிடுற பதினஞ்சு மாத்திரைல எது நிஜமா தேவைன்னு பொறுமையா பிரிக்கணும். ட்ரான்ஸ்பிளான்ட்ல, மாத்தி வச்ச உறுப்பை உடம்பு ஒதுக்காம தடுக்குற டாக்ரோலிமஸ் மருந்தோட ரத்த அளவுதான் உசுரு, ஃபங்கஸுக்கு அசோல் வகை மருந்து ஒண்ணு சேத்தாலே அது எகிறிடும். மனநலப் பிரிவுல க்ளோசபின் மாத்திரை சாப்பிடுறவங்களோட ரத்த வெள்ளை அணுக்கள் குறையுதான்னு கவனிக்கணும்.

ஆம்புலேட்டரி கேர் பத்தி கொஞ்சம் அழுத்திச் சொல்லணும், நிறைய பேர் ஐ.சி.யூ கவர்ச்சில இதைத் தாண்டிப் போயிடுறாங்க. சர்க்கரை, பிரஷர் நோயாளிகளையும், ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடுறவங்களையும் கிளினிக்ல மாசக்கணக்கா தொடர்ந்து பாத்து, டாக்டரோட ஒப்பந்தம் போட்டிருந்தா டோஸை நீங்களே மாத்தலாம். ஒருத்தரோட சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமா கட்டுக்குள்ள வர்றதை கூடவே இருந்து பாக்குற திருப்தி வேற எதுலயும் கிடைக்காது.

இதெல்லாத்துல இருந்தும் தனியா நிக்கிறது கதிரியக்க மருந்து தயாரிக்கிற நியூக்ளியர் ஃபார்மசி, 1978-ல பி.பி.எஸ் ஏத்துக்கிட்ட முதல் ஸ்பெஷாலிட்டியே இதுதான். ஸ்கேனுக்கு குடுக்குற டெக்னீஷியம்-99எம்ங்கிற கதிரியக்கப் பொருளோட அரை ஆயுள் 6 மணி நேரம், அதாவது அந்த நேரத்துல பாதி குறைஞ்சிடும், அதனால காலைல ஸ்கேனுக்கு வேணும்னா நடுராத்திரி உக்காந்து தயார் பண்ணணும். இதுக்கு 700 மணி நேரம் கதிரியக்கப் பயிற்சி தனியா தேவை. ராத்திரி வேலை ஒத்துக்கிறவங்களுக்கு அருமையான துறை. எமர்ஜென்சி, கார்டியாலஜி, நியூட்ரிஷன் சப்போர்ட், ஸ்டெரைல் காம்பவுண்டிங், எல்லா நோயும் பாக்குற ஃபார்மகோதெரபி இதெல்லாமும் லிஸ்ட்ல உண்டு.

பி.ஜி.ஒய் முடிக்காதவங்க சில வருஷம் அந்தத் துறையில வேலை பாத்த அனுபவத்தை வச்சும் பி.பி.எஸ் பரீட்சை எழுதலாம், எத்தனை வருஷம்ங்கிறது ஸ்பெஷாலிட்டிக்கு ஏத்த மாதிரி மாறும். பாஸ் பண்ணா 7 வருஷத்துக்கு செல்லும், அப்புறம் புதுப்பிக்கணும்.

படி 8: ஹாஸ்பிடலே வேணாம்னா

மருந்து கம்பெனிக்குள்ள போகணும்னா ரெசிடென்சிக்குப் பதிலா ஃபெலோஷிப், பெரும்பாலும் 1 இல்லாட்டி 2 வருஷம். மெடிக்கல் அஃபேர்ஸ், ரெகுலேட்டரி, கிளினிக்கல் ட்ரயல், மருந்து பாதுகாப்பு இப்படி பிரிவுகள் இருக்கும், ரட்கர்ஸ் யுனிவர்சிட்டி நடத்துற ஃபெலோஷிப் இதுல ரொம்ப பேர் தெரிஞ்சது. டிகிரியோட சேத்தே எம்.பி.ஏ, எம்.பி.ஹெச், சட்டம், பி.ஹெச்.டின்னு ரெட்டை டிகிரி குடுக்குற காலேஜும் இருக்கு. இதுல எம்.பி.ஏ பொதுவா ஒரு வருஷத்துக்குள்ள கூடுதலா முடிஞ்சிடும், பி.ஹெச்.டின்னா பல வருஷம் ஆகும், ஆராய்ச்சில நிஜமா ஆர்வம் இருந்தா மட்டும் போங்க. ரெட்டை டிகிரிக்கு சில காலேஜ்ல சேர்றப்பவே சொல்லணும், சிலதுல முதல் வருஷம் முடிஞ்சு விண்ணப்பிக்கலாம், படி 2-ல காலேஜ் லிஸ்ட் போடுறப்பவே இதுக்கும் தனியா ஒரு கட்டம் சேத்து வச்சுக்கோங்க.