வைட்டமின் டி: எதிர்ப்பு சக்திக்காகச் சாப்பிடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

கொரோனா காலத்துக்குப் பிறகு வைட்டமின் டி வீட்டு மருந்தாகிவிட்டது. மழைக்காலம் தொடங்கி வீட்டில் ரெண்டு பேர் இருமினால் போதும், மெடிக்கலுக்குப் போய் "அந்த டி3 சாஷே குடுங்க" என்று வாங்கி வந்துவிடுகிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களும், அவர்களுக்கு எழுதிக்கொடுக்கும் இளம் மருத்துவர்களும், மருந்துக்கடையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளும் வருஷா வருஷம் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். காலாவதி தேதி பார்ப்பது, மருந்தைக் குழந்தை கைக்கு எட்டாமல் வைப்பது எல்லாம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுவோம்.

முதலில் இது உடம்பில் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் தவறுகள் ஏன் தவறுகள் என்பது புரியும். தோலில் உருவாகும் டி-யையும் வாயால் சாப்பிடும் டி-யையும் கல்லீரல் '25-ஹைட்ராக்ஸி' வடிவத்துக்கு மாற்றி ரத்தத்தில் இருப்பாக விடுகிறது. எலும்புக்கு வேண்டிய செயல்வடிவத்தைச் சிறுநீரகம் தயாரிக்கிறது. நோய் எதிர்ப்பில் கதை வேறு. நுரையீரலில் காவலிருக்கும் மேக்ரோஃபேஜ் செல்களிடமே அந்த மாற்றத்தைச் செய்யும் நொதி இருக்கிறது. கிருமியை உணர்ந்ததும் அவை ரத்தத்திலுள்ள இருப்பை எடுத்து, அந்த இடத்திலேயே செயல்வடிவமாக்கி, கேத்தலிசிடின் என்ற கிருமிக்கொல்லிப் புரதத்தைச் சுரக்கின்றன. 2006-ல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வு காசநோய்க் கிருமியை வைத்து இதைக் காட்டியது. ஆக, இந்த செல்களுக்கு வேண்டியது வற்றாத இருப்பு. அது நிரம்பி வழிவதால் அவற்றுக்கு ஒரு லாபமும் கிடையாது.

வாரத்துக்கு ஒன்றை நாளுக்கு ஒன்றாக்குவது

எல்லாவற்றிலும் விலை அதிகமான தவறு இதுதான். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் பார்க்கும்போது கோபம் வருகிறது. காரணம், இது நூற்றுக்கு நூறு தடுக்கக்கூடியது.

கணக்கைப் பாருங்கள். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொல்லும் அளவு 600 யூனிட். கடையில் கிடைக்கும் சாஷே அல்லது கேப்சூலில் இருப்பது 60,000 யூனிட், அதாவது 100 நாள் தேவை. குறைபாடு உறுதியானவருக்கு வாரம் ஒன்று என 8 வாரம் கொடுப்பது வழக்கம். மொத்தம் 4,80,000 யூனிட். அதையே தினம் ஒன்றாக இரண்டு மாதம் சாப்பிட்டால் 36 லட்சம் யூனிட் உள்ளே போயிருக்கும். ஒரு மனிதருக்குப் பதினாறு வருஷத்துக்கு மேல் போதுமான அளவு அது.

எப்படி நடக்கிறது? சீட்டில் ஐந்து மருந்து இருக்கும். நாலு மருந்து தினசரி, இது மட்டும் வாரம் ஒருமுறை. டாக்டர் சுருக்கெழுத்தில் கிறுக்கியிருப்பார். கவுன்டரில் இருப்பவர் கை பழக்கத்தில் எல்லா அட்டையிலும் 1-0-0 (தினமும் காலையில் ஒன்று) என்று பேனாவால் போட்டுக் கொடுத்துவிடுவார். நாலு கேப்சூல் உள்ள அட்டை 28 நாள் வர வேண்டியது, நாலாம் நாள் தீர்ந்துவிடும். வீட்டிலிருந்து யாராவது காலி அட்டையைக் கொண்டுபோய் நீட்டுவார்கள், கடைக்காரர் இன்னொன்றை எடுத்துக் கொடுப்பார். தவறு கையோடு பிடிபட வேண்டிய இடம் அதுதான். "போன வாரம்தானே வாங்கினீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர்கள் இதை வாசித்தால், தயவுசெய்து அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

உடனே ஒன்றும் ஆகாது, அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. சில வாரம் கழித்து மலச்சிக்கல், பசியின்மை, குமட்டல் வரும். வயதானவராக இருந்தால் "கேஸ் பிரச்சினை" என்று ஓமத் தண்ணீர் கொடுப்பார்கள். பிறகு தாகம், அடிக்கடி சிறுநீர். ரத்தத்தில் கால்சியம் ஏறிவிட்டதால் சிறுநீரகம் நீரைப் பிடித்துவைக்கும் திறனை இழக்கிறது. உடம்பு வறண்டு, சிறுநீரகம் திணறுவதைக் காட்டும் கிரியேட்டினின் அளவு ஏறி, பெரியவர் குழப்பமாகப் பேச ஆரம்பிக்கும்போதுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவார்கள். அங்கே "என்னென்ன மருந்து சாப்பிடுறார்?" என்று கேட்டால் பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை எல்லாம் சொல்வார்கள். இதைச் சொல்ல மாட்டார்கள். வீட்டைப் பொறுத்தவரை அது 'சத்து பவுடர்', மருந்துக் கணக்கிலேயே சேராது. கேட்கும் டாக்டர் "சத்து மாத்திரை, சாஷே, ஊசி ஏதாவது?" என்று தனியாகக் கேட்டே ஆக வேண்டும்.

ரத்தத்தில் 25-ஹைட்ராக்ஸி டி ஒரு மில்லிலிட்டருக்கு 150 நானோகிராமைத் தாண்டினால் நஞ்சாகும் எல்லைக்கு வந்துவிட்டதாகக் கொள்ள வேண்டும். இது கொழுப்பில் தங்கும் சத்து. சாஷேயை இன்று நிறுத்தினால் நாளை இறங்கிவிடாது. சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். டி-யோடு கால்சியம் மாத்திரையையும் நிறுத்தி, சலைன் ஏற்றி, தேவைப்பட்டால் ஸ்டீராய்டு கொடுத்து இறக்க வேண்டியிருக்கும். தயாசைடு வகை பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் சீக்கிரம் வரும், அது சிறுநீரில் கால்சியம் வெளியேறுவதைக் குறைக்கும். டிகாக்ஸின் என்ற இதய மருந்தைச் சாப்பிடுகிறவருக்குக் கால்சியம் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும்.

தடுப்பது சுலபம். சீட்டில் கிழமையை எழுதுங்கள்: "ஞாயிறு மட்டும், 8 வாரம், அத்தோடு நிறுத்தவும்." முடியும் தேதியையும் போடுங்கள், ஏனென்றால் எட்டு வாரத்தை எட்டு மாதமாக நீட்டுகிறவர்களும் நிறைய. வீட்டில் இதைத் தினசரி மாத்திரை டப்பாவில் போடாதீர்கள். காலண்டரில் எட்டு ஞாயிறுகளையும் வட்டமிட்டு, சாப்பிட்ட அன்று அடித்துவிடுங்கள்.

ஒரே ஊசியில் முடித்துவிடலாம் என்று நினைப்பது

மேலே சொன்ன தவறைச் செய்யாத விவரமானவர்கள் விழும் குழி இது. தினசரி மாத்திரை மறந்துபோகும், ஆறு லட்சம் யூனிட் ஊசி ஒன்று போட்டுக்கொண்டால் ஆறு மாதத்துக்குக் கவலையில்லை என்று நினைக்கிறார்கள். எலும்புக்கே இது நல்ல வழி இல்லை. ஆஸ்திரேலியாவில் 70 வயதைக் கடந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2010-ல் வெளியானது. வருஷத்துக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட் வாங்கியவர்கள், மருந்தில்லாத போலி மாத்திரை வாங்கியவர்களைவிட அதிகமாகக் கீழே விழுந்தார்கள், எலும்பும் அதிகமாக முறிந்தது.

தொற்று விஷயத்திலும் அதே கதைதான். 25 ஆய்வுகளின் சுமார் பதினோராயிரம் பேரின் தரவை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டு அலசலில், தினமோ வாரமோ சிறிய அளவில் வாங்கியவர்களுக்குச் சளி, நிமோனியா போன்ற சுவாசத் தொற்றுகள் குறைந்தன. மொத்தமாகப் பெரிய டோஸ் வாங்கியவர்களுக்குக் குறையவில்லை. பிரேசிலில் கொரோனாவுக்காக அனுமதிக்கப்பட்டவர்களுக்கு ஒரே தடவை 2 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் தங்கிய நாட்கள் குறையவில்லை. நோய் வந்தபின் அள்ளிக் கொட்டுவதில் பயனில்லை.

ஏன்? வெள்ளமாக டி உள்ளே வந்ததும் அதை உடைத்து வெளியேற்றும் நொதியை உடம்பு முடுக்கிவிடுகிறது. அந்த நொதி செயல்வடிவத்தையும் சேர்த்தே உடைக்கும். குடலில் சத்து உறிஞ்சாத நோய் உள்ளவர்களுக்கு ஊசி தேவைப்படலாம், அது மருத்துவர் முடிவு. நம்மில் பெரும்பாலோருக்கு அது தேவையில்லை.

குறைவில்லாதவர் கூட்டிக்கொள்வது

2017 அலசலில் கண்ணில் பட வேண்டிய இன்னொரு விஷயம்: பலன் பெரிதாக இருந்தது, தொடக்கத்தில் ரத்த அளவு 10 நானோகிராமுக்கும் கீழே இருந்தவர்களுக்கு. மற்றவர்களுக்குச் சொற்பம். பிறகு ஆய்வுகள் கூடக்கூட மொத்தப் பலன் சுருங்கிக்கொண்டே வந்தது. 46 ஆய்வுகளைச் சேர்த்த 2025-ஆம் ஆண்டுக் கணக்கில், எல்லோரையும் ஒன்றாக எடுத்துக்கொண்டால், புள்ளியியல் ரீதியாக உறுதியான பலன் என்று சொல்ல முடியவில்லை. 2022-ல் பிரிட்டனிலும், டி உள்ள மீன் ஈரல் எண்ணெய் கொடுத்து நார்வேயிலும் நடந்த பெரிய கொரோனா ஆய்வுகளும் பலன் காட்டவில்லை.

இதிலிருந்து "டி வீண்" என்று முடிவுகட்டுவதும் தவறு. வீட்டைவிட்டு வெளியே வராத முதியவர், இரவுப் பணிக்காரர், உடல் முழுக்க மூடும் உடையில் இருப்பவர், உடல் பருமன் உள்ளவர் ஆகியோருக்குக் குறைவு வர வாய்ப்பு அதிகம், அதைச் சரிசெய்தே ஆக வேண்டும். ஏற்கெனவே 35 இருப்பவர் அதை 70 ஆக்கினால் சளி பிடிக்காது என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை. ஃப்ளூ தடுப்பூசிக்கு இது மாற்றும் இல்லை.

ரிப்போர்ட்டைத் தப்பாக வாசிப்பது

28 என்று வந்தால் லேப் தாளில் அடிக்கோடு போட்டுப் பயமுறுத்தியிருப்பார்கள். 20 நானோகிராம் பெரும்பாலோருக்குப் போதும் என்று அமெரிக்காவின் 'இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின்' 2011-லேயே சொன்னது. 30 வேண்டும் என்று முன்பு சொன்ன எண்டோகிரைன் சொசைட்டி (ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பு) 2024-ல் அந்த இலக்கைக் கைவிட்டது. உடல்நலத்தோடு இருப்பவருக்கு வழக்கமான பரிசோதனையே வேண்டாம் என்கிறது. லண்டனிலோ சிட்னியிலோ எடுத்த ரிப்போர்ட் என்றால் அலகைப் பாருங்கள். அங்கே நானோமோல் கணக்கு, 2.5-ஆல் வகுக்க வேண்டும். அங்கத்திய 50 நம்மூர் 20.

கேட்க வேண்டிய டெஸ்ட் 25-ஹைட்ராக்ஸி. '1,25' என்று எழுதிய விலைகூடிய டெஸ்ட் இருப்பைக் காட்டாது.

காய்ச்சல் நேரத்தில் பரிசோதிப்பது

வேண்டாம். கடுமையான தொற்றின்போது அளவு தானாகவே இறங்கும். குணமாகிச் சில வாரம் கழித்து எடுங்கள்.

காலை ஏழு மணி இளவெயிலை நம்புவது

நடைப்பயிற்சிக்கு நல்லது, டி-க்கு உதவாது. தோலில் டி உருவாக்கும் புற ஊதா பி கதிர் சூரியன் சாய்ந்திருக்கும்போது காற்று மண்டலத்திலேயே வடிகட்டப்பட்டுவிடும். நமக்குப் பக்கத்தில் திருப்பதியில் அளந்து பார்த்ததில், பகல் 11 மணிக்கும் 2 மணிக்கும் இடையில்தான் உருவாக்கம் நன்றாக இருந்தது. கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை: உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். கையும் காலும் வெயிலில் படட்டும், வாரத்தில் சில நாள், தோல் காந்தத் தொடங்கும் முன் நிழலுக்கு வந்துவிடுங்கள். கறுத்த தோலுக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். சித்திரை வெயிலில் வயதானவர்களை நிற்கவைக்காதீர்கள், அவர்களுக்கு மாத்திரையே பாதுகாப்பு.

ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்காருவது

அந்தக் கதிர் கண்ணாடியைத் தாண்டாது.

வெறும் வயிற்றில் போடுவது

கொழுப்போடுதான் உறிஞ்சப்படும். மதியச் சாப்பாட்டோடு, அல்லது கொழுப்பு நீக்காத பாலில் கலந்து.

காசநோய்க்கு டி-யை நம்பி இறங்குவது

நுண்ணுயிர்க்கொல்லி வருவதற்கு முன் காசநோயாளிகளை வெயிலில் படுக்கவைத்து, மீன் ஈரல் எண்ணெய் கொடுத்தார்கள். தோல் காசநோயை ஒளியால் குணப்படுத்தியதற்காக ஃபின்சென் 1903-ல் நோபல் பரிசே பெற்றார். அந்தச் சரித்திரத்தைப் படித்துவிட்டு இன்றைய நோயாளிக்கு டி ஊசி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் சிகிச்சையோடு லட்சம் லட்சம் யூனிட்டாக நாலு தடவை கொடுத்துப் பார்த்த ஆய்வில் (2015) சளியில் கிருமி மறையும் காலம் குறையவில்லை. மங்கோலியாவில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று வருஷம் வாரந்தோறும் 14,000 யூனிட் கொடுத்தார்கள். ரத்த அளவு நன்றாக ஏறியது, தொற்று குறையவில்லை.

ஆபத்தும் உண்டு. காசநோய்க் கட்டிகளில் உள்ள மேக்ரோஃபேஜ்கள் சிறுநீரகத்தின் கட்டுப்பாட்டுக்கு அடங்காமல் செயல்வடிவத்தை உருவாக்கிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் டி-யைக் கொட்டினால் கால்சியம் திடீரென்று ஏறலாம். மறுபக்கம், காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் டி-யை வேகமாக உடைத்துக் குறைக்கும். ஆகவே கொடுக்க வேண்டியிருந்தால் கால்சியத்தையும் அளந்துகொண்டே கொடுக்க வேண்டும். நோயாளி வீட்டில் உள்ளவர்களைக் காக்க நிஜமாகவே பலன் காட்டியது சாப்பாடு: சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஜார்க்கண்டில் நடத்திய ஆய்வில், அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் மாதாமாதம் வாங்கிய குடும்பங்களில் புதிய காசநோய் சுமார் 40 சதவீதம் குறைந்தது.

கைக்குழந்தைக்குச் சொட்டு மருந்தை மில்லி பார்த்து மட்டும் கொடுப்பது

குழந்தைக்கு ஒரு நாளைக்கு 400 யூனிட். கடையில் ஒரு மில்லிக்கு 400 யூனிட் உள்ள புட்டியும் இருக்கிறது, 800 உள்ளதும் இருக்கிறது. முதலாவதில் ஒரு மில்லி, இரண்டாவதில் அரை மில்லி. புட்டி மாறும்போது பழைய டிராப்பரைக் கழுவிப் புதியதில் போட்டுக்கொள்வது சகஜம். அதன் கோடுகள் வேறு அளவில் இருக்கலாம், புட்டியோடு வந்த டிராப்பரையே பயன்படுத்துங்கள். அதோடு இன்னொரு மல்டிவைட்டமின் சொட்டும் கொடுக்கிறீர்கள் என்றால் அதன் லேபிளிலும் டி3 எவ்வளவு என்று பாருங்கள். புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பால்மாவிலேயே டி சேர்த்திருப்பார்கள். டப்பாவில் நூறு மில்லிக்கு எத்தனை யூனிட் என்று பார்த்து, ஒரு நாள் குடிக்கும் பாலுக்குப் பெருக்கி, சொட்டு மருந்தையும் சேர்த்துக் கூட்டுங்கள். கணக்கு 400-ஐ வெகுவாகத் தாண்டினால் அந்தத் தாளோடு குழந்தை மருத்துவரிடம் போய்ச் சொட்டைக் குறைக்கலாமா என்று கேளுங்கள்.